காலுக்குத் தெரிந்தால் குரலுக்கும் தெரியும்

(ஐயப்பன்தாங்கலில் மகளிர் குழு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்கள்ல பாட வராதவங்க ரொம்பக் குறைவு. ஆனா ஆண்டு விழா மேடையில் ஏறினதும் கையைக் கட்டிக்கிட்டுச் சிலை மாதிரி நிக்கிறோம். பயத்தில் பாட்டு ஓட ஆரம்பிக்குது. முன்வரிசை ஒரு பக்கம், பின்வரிசை ஒரு பக்கம். குழந்தைத் திருமணம் வேண்டாம்னு சொல்ல வந்த சேதி, கேட்கிறவங்க காதில் விழாமலே போயிடுது.

குறை குரலில் இல்லை. உடம்பைக் கட்டிப் போட்டிருக்கோம், அதுதான் காரணம்.

நம்ம பாட்டிமார் நடவுப் பாட்டு பாடினப்போ, நாற்று ஊன்றிய கையே தாளம் போட்டது. நெல் குத்தும்போது உலக்கை போட்டது. கர்நாடக சங்கீதத்திலும் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தட்டு, விரல், வீச்சு என்று கையால்தான் பழகுறாங்க. சுவிட்சர்லாந்தில் எமில் ஜாக் டால்குரோஸ் என்ற இசை ஆசிரியர், 100 ஆண்டுகளுக்கு முன்பே மாணவர்களை இசைக்கேற்ப நடக்க வைத்துத் தாளம் கற்பித்தார்.

"பொம்பளைங்க மேடையில் உடம்பை ஆட்டலாமா?" என்று சிலர் கேட்கலாம். திண்டுக்கல்லில் 1990-ல் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவைப் பாருங்கள். ஆண்களே அடித்துவந்த பறையை, இழிவு என்று ஒதுக்கப்பட்ட பறையை, தலித் இளம்பெண்கள் தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். கூச்சம் போன இடத்தில் தாளமும் நிமிர்வும் சேர்ந்தே வந்தன.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. வட்டமாக நின்று, பாடாமல், ஒருவர் கைதட்டலுக்கு எல்லாரும் நடக்கணும்.

2. நடந்துகொண்டே வரிகளை ராகமில்லாமல் சொல்லணும். பிறகு பாடணும்.

3. நடுவில் பாட்டை மட்டும் நிறுத்தி, எட்டு அடி நடந்து, ஒன்றாக மறுபடி எடுக்கணும். சேர்ந்து எடுத்துவிட்டால் தாளம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

4. மேடையில் முழங்காலை விறைக்காதீங்க, தோளைத் தளர்த்துங்க. மூச்சு தாராளமா வரும். குதிகால் மட்டும் மெல்லத் தட்டினால் போதும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து தொடையில் தட்டலாம். யாரையும் ஒதுக்க வேண்டாம்.

வாரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அடுத்த விழாவில் நம் சேதி கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கட்டும். இப்போ எல்லாரும் எழுந்திருங்க, முதல் அடியை இங்கேயே வைப்போம்.