முதலில் வெள்ளைக் கோடு



ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வாகனம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் நுகேகொடையின் ஹைலெவல் வீதியில், 138ஆம் இலக்க பஸ்களுக்கு நடுவில், அதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அதில் ஒரு பாதி ஏற்கெனவே இங்கே வந்துவிட்டது! ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஏறியிருப்பீர்கள். காரை முடுக்கியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். வீதிச் சுங்க அட்டை செருகப்படவில்லை என்கிறது அந்தக் குரல். அந்த அட்டையால் இயங்கும் முறை அங்கே 2001இல் நாடெங்கும் விரிந்தது. வண்டி நிற்காமலே சுங்க வாயிலோடு பேசிக் கட்டணம் செலுத்திவிடும். அதற்கும் முன்பே, 1996இல், வீதியோரக் கருவிகள் நெரிசல் செய்தியை வண்டிகளுக்கு அனுப்பத் தொடங்கின. அந்த வண்டிகள்தான் நம்மிடம் வருகின்றன. வண்டிக்கு வாயும் காதும் உண்டு; நம் வீதிக்குத்தான் இல்லை.

புதிய கார்களுக்குக் கண்ணும் உண்டு. முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கமரா வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வண்டி விலகினால் எச்சரிக்கும். கோடு தேய்ந்திருந்தால் எச்சரிக்கத் தவறலாம். நம் தெருக்களில் கோடு எங்கே? தார் போடுகிறோம். பிறகு தண்ணீர்க் குழாய்க்கென்று வெட்டுகிறோம், மூடுகிறோம். அழிந்த கோட்டை மறுபடி யார் போடுகிறார்?

அந்தக் கோடு இயந்திரத்துக்கு மட்டுமா வேண்டும்? டெல்கந்தைச் சந்தையிலிருந்து பையோடு கடவையில் இறங்கும் அம்மாவுக்கு வேண்டாமா? மழை இரவில் பஸ் ஓட்டுகிறவருக்கு வேண்டாமா? சமிக்ஞை விளக்கு வாகனங்களோடு பேசத் தொடங்கினால், களுபோவில ஆஸ்பத்திரிக்கு விரையும் 1990 இலக்க அவசர அம்புலன்சுக்குத்தான் முதலில் பச்சை விழும். நாளைய காருக்குச் செய்வதெல்லாம் இன்று நடந்து போகிறவரையும் காக்கும்.

சிங்கப்பூர்கூட ஓட்டுநர் இல்லாத வண்டியை எடுத்த எடுப்பில் நாடு முழுவதும் ஓட்டவில்லை. 2016இல் வன்-நோர்த் என்ற சிறு வட்டாரத்துக்குள்தான் ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். நாமும் ஹைலெவல் வீதியில் கம்சபா சந்தி முதல் டெல்கந்தை வரை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். கங்கொடவிலவில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், இரண்டும் நம் வாசலில் இருக்கின்றன. அந்த மாணவர்களிடம் கோடு, பலகை, குழி, விளக்கு எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றித் தரும்படி கேட்போம்.

சபை உறுப்பினர்களே, உங்களிடம் ஒரே ஒரு தீர்மானம் கேட்கிறேன். வீதியை வெட்டுகிறவர் பிணைப்பணம் கட்டட்டும். கோட்டைப் பழையபடி போட்ட பிறகே அந்தப் பணம் அவருக்குத் திரும்பட்டும். அடுத்த கூட்டத்திலேயே இதைக் கொண்டுவாருங்கள்.