ஆற்றுப்படையும் பேருந்து நிறுத்தமும்



தமிழ் இலக்கியத்தின் தொன்மையான வகைகளுள் ஒன்று, வழி சொல்லும் செயலிலிருந்து பிறந்தது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும், இடையே உள்ள ஊர்களையும், ஆங்காங்கே கிடைக்கும் உணவையும் எடுத்துரைத்து, நீயும் அவனிடம் செல்க என்று அனுப்புவது ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படையில் தொடங்கி மலைபடுகடாத்தில் முடியும் பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. முன்பின் அறியாத இருவர் வழியிடையே சந்திப்பதும், அவருள் வழி அறிந்தவர் அறியாதவர்க்கு உதவுவதுமே இவ்வகையின் உயிர்நாடி எனலாம்.

அந்தச் சந்திப்பு சென்னை மாநகரில் இன்றும் நாள்தோறும் நிகழ்கிறது. அது நிகழும் இடம் பேருந்து நிறுத்தம். மயிலாப்பூரில் நின்றுகொண்டு, பெசன்ட் நகருக்கு எதில் போவது என்று ஒருவர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் எவரோ, "29சி வரும், ஏறிக்கொள்ளுங்கள், கூட்டமாக இருந்தால் அடுத்ததில் போங்கள்" என்று சொல்கிறார். கேட்டவரின் பெயரையோ குலத்தையோ அவர் வினவுவதில்லை. ஐந்து நிமிடம் கழித்து இருவரும் ஒருவரையொருவர் மறந்துவிடுகின்றனர். இத்தகைய பயணம் தமிழ் இலக்கியத்துக்கு என்ன தந்தது, இலக்கியம் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

நகரப் பயணத்தின் இலக்கியப் பயனைக் கூர்ந்து கண்டவர்களுள் தலையாயவர் புதுமைப்பித்தன். 1943இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதை, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் தொடங்குகிறது. டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா என்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். எதில் போனால் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சிய காசுக்கு வெற்றிலையா, காப்பியா என்பதே அவருடைய தீவிரச் சிந்தனை. அந்நேரத்தில் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக்கொண்டு வந்து நிற்பவர் கடவுள். திருமுருகாற்றுப்படையில் மனிதன் கடவுளிடம் ஆற்றுப்படுத்தப்படுகிறான். இக்கதையிலோ, காலணாவை எண்ணிப் பார்க்கும் நகரவாசி ஒருவர் கடவுளுக்கே வழி சொல்கிறார். நெடுங்கால மரபொன்று அந்தத் தெருமுனையில் திசை திரும்பிற்று. கதைக்கு நகைச்சுவையைத் தருவது கடவுளின் வருகை என்றால், அதனை நம்பத் தகுந்ததாக ஆக்குவது அந்தக் கட்டணக் கணக்கு. நாள்தோறும் பயணம் செய்து பழகிய கைதான் அக்கணக்கை எழுதியிருக்க இயலும்.

அந்த டிராம் பின்னர் மறைந்தது. 1895இல் மின்சாரத்தால் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோயிற்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இல் வந்தது. ஏரி நிலத்தில் 1920களில் உருவான தியாகராய நகரின் குடும்பங்கள், மாம்பலம் நிலையத்தில் ஏறிக் கோட்டைக்கும் கடற்கரைக்கும் அலுவல் நிமித்தம் செல்லும் வாழ்க்கை முறைக்கு அது வழிவகுத்தது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. பின்னர் அது இரண்டாகப் பிரிந்து, 2001இல் மாநகர் போக்குவரத்துக் கழகமாக மீண்டும் ஒன்றாயிற்று. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் மயிலாப்பூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் நீண்டது. மெட்ரோ ரயில் 2015இல் ஓடத் தொடங்கியது. வண்டிகள் மாறின, பெயர்கள் மாறின. ஆயினும் வாழும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தொலைவை மனித உடல் நாள்தோறும் இருமுறை கடந்தாக வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை.

பொது வண்டியில் யாரும் யார் பக்கத்திலும் அமரலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. அது இயல்பாக வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தனியார் நடத்திய பேருந்துகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றிக்கொள்ள மறுத்த காலம் ஒன்று இருந்தது. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் செல்லாது என்று உறுதியாக நின்றார். தியாகராய நகரில் துணி வாங்கச் செல்வோர் பாண்டி பஜார் என்று சொல்லும் கடைத்தெரு, அவர் பெயரைத் தாங்கிய சௌந்தரபாண்டியனார் அங்காடியே. பையைச் சுமந்துகொண்டு அத்தெருவிலிருந்து பேருந்து ஏறுவோருள் எத்தனை பேர் இதனை நினைத்திருப்பர்? இருக்கை என்பது கட்டணம் கொடுத்துப் பெறும் இடம் மட்டுமன்று. போராடிப் பெற்ற உரிமையும் ஆகும்.

அவ்வுரிமையின் விளைவை நெரிசல் மிகுந்த ஒரு பேருந்தில் காணலாம். முன்வாயிலருகே நிற்பவர் நீட்டும் காசு, கைமாறிக் கைமாறிப் பின்னால் அமர்ந்திருக்கும் நடத்துநரிடம் சேர்கிறது. பயணச் சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பி வருகின்றன. இடையே உள்ள பத்துப் பேரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் சில்லறை குறைவதில்லை. ஒற்றுமை என்ற சொல்லைத் தலைப்பாக வைத்து எழுதப்படும் கவிதைகள் பல. அச்சொல்லின் பொருளை இக்காட்சி அளவுக்கு எளிமையாக விளக்கும் கவிதைகள் சில.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. 1967இல் அமைந்த தி.மு.க. ஆட்சிக்குப் பின், அரசுப் பேருந்துகளில் திருக்குறளை எழுதி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. நூலகத்துக்குச் செல்லாதவரும் நூல் வாங்க இயலாதவரும், ஓட்டுநர் இருக்கையின் பின்புறத்தைப் பார்த்தவாறே குறள் பயின்றனர். படித்த குறளுக்குப் பொருள் தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டவரும் உண்டு. கேட்டதற்குத் தவறான பொருள் சொன்னவரும் உண்டு. எவ்வாறாயினும், தமிழ்க் கவிதை பெற்ற மிகப் பெரிய வாசகர் அவை அப்பேருந்துகளே எனலாம். ஈரடிச் செய்யுள் ஒன்று இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே மனத்தில் பதிந்துவிடுகிறது என்பதும் புதுக்கவிதையாளர் கருதத்தக்கதே.

ஆயினும் பேருந்து நிறுத்தம் எல்லார்க்கும் ஒரே வகையான இடமாக இருந்ததில்லை. கந்தசாமிப் பிள்ளைக்கு அது கணக்குப் போடும் இடம். ஒரு பெண்ணுக்கு அது அச்சத்தின் இடமாகவும் இருந்தது. 1966இல் 'ஆனந்த விகடன்' வெளியிட்ட ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', மழைக்கால மாலையொன்றில், மகளிர் கல்லூரியின் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் தொடங்குகிறது. தனித்து நிற்கும் மாணவி, அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். வீடு திரும்பிய மகளின் தலையில் நீரை வார்த்துத் தாய் அவளை ஏற்றுக்கொண்டது சரியா என்று தமிழ்நாடு விவாதித்தது. அந்த விவாதத்தின் தொடர்ச்சியாகவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் எழுந்தது. 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசையும் பெற்றது. கற்பைப் பற்றி அன்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. அந்தப் பேருந்தைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்? உரிய நேரத்தில், இடமுள்ள ஒரு வண்டி வந்திருந்தால் அக்கதையே இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை, ஒரு வண்டி வருவதிலும் வராததிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைத் தம் கதையின் முதற்காட்சியிலேயே வைத்துவிட்டார் ஆசிரியர். வாசகர்கள் அதனைப் பின்புலம் என்று எண்ணிக் கடந்துவிட்டனர்.

2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். விடியல் பயணம் என்று அதற்குப் பெயர். இதனைச் சலுகை என்று ஏளனம் செய்வோர், மாதச் செலவுக்குக் கணவனிடமோ மகனிடமோ கையேந்தி நிற்கும் பெண்ணை அறியாதவர்கள். வீட்டை விட்டு வெளியே செல்ல எவரிடமும் காசு கேட்க வேண்டாம் என்ற நிலை, ஒரு பெண்ணின் நடையையே மாற்றிவிடும். அதே வேளையில், சொகுசுப் பேருந்து முன்னே வந்து நின்றாலும் அதில் ஏறாமல், சாதாரணக் கட்டணப் பேருந்து வரும் வரை அவர் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. 1966இன் மாணவிக்கும் இவருக்கும் இடையே காலம் பெரிதும் மாறியிருக்கிறது. காத்திருப்பு மட்டும் தொடர்கிறது.

அவ்வாறு காத்து நிற்போருள் பலர் வருவது கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. ஆற்றங்கரைகளிலும் பக்கிங்காம் கால்வாயின் ஓரங்களிலும் நகரின் வேறு இடங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், பல்வேறு திட்டங்களின் பெயரால் அங்கே குடியமர்த்தப்பட்டன. இன்று 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே உள்ளன. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வீடு மாறிற்று, வேலை மாறவில்லை. முன்பு நடந்து சென்று பாத்திரம் துலக்கிய அதே மயிலாப்பூர் வீட்டுக்கு, இப்போது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து வரவேண்டும். விடியலில் புறப்பட்டு, ஒரு வண்டி மாறி, எட்டு மணிக்குள் வாயிலில் நிற்க வேண்டும். தாமதமானால் முதல் வீடு போய்விடும். கட்டணம் இல்லை என்பது உண்மை. நாளொன்றுக்கு அவர் இழக்கும் மணி நேரங்களுக்கு எந்தப் பயணச் சீட்டிலும் கணக்கு இல்லை.

அந்தக் குடியிருப்புக்கு வைக்கப்பட்ட பெயரும் சிந்திக்கத்தக்கது. கண்ணகி, வாழ்ந்த ஊரை நீங்கி, அறியாத மாநகருக்குக் கால்கடுக்க நடந்தவள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினா கடற்கரையில் அவளுக்குச் சிலை எழுந்தது. 2001இல் அச்சிலை அகற்றப்பட்டபோது தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தனர்; 2006இல் அது கடற்கரைக்குத் திரும்பி வந்தது. கொதித்தெழுந்ததில் தவறில்லை. ஆனால் அதே ஆண்டுகளில், அவள் பெயர் சூட்டிய குடியிருப்புக்கு நகரிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட பெண்களுக்காக எத்தனை கவியரங்குகள் கூடின? சிலை மீண்டது. அவர்கள் மீளவில்லை. வேலைக்காக மட்டும் நாள்தோறும் வந்து போகின்றனர்.

நகரப் பயணத்தைப் பாடும் இன்றைய கவிதைகளில் சன்னலோர இருக்கை மிகுதியாக வருகிறது. மழைத்துளி, கண்ணாடியில் தெரியும் முகம், இறங்கிப் போன ஒரு பெண்ணின் மல்லிகை மணம் ஆகியவை வருகின்றன. இவற்றைக் குறைகூறுவதற்கில்லை. அமர்ந்து செல்பவர் கண்ட உலகம் அது. நின்றுகொண்டே வருபவர் காணும் உலகம் வேறு. அவருக்குச் சன்னல் தெரிவதில்லை. முன்னால் நிற்பவரின் தோளும் மேலே உள்ள கம்பியும் தெரிகின்றன. பிரிவைப் பாடப் பாலைத்திணையை வகுத்த மொழி இது. பொருள்வயின் பிரிந்து செல்லும் தலைவனுக்கு வழியின் வெம்மையையும் கள்ளியையும் வறண்ட சுனையையும் நுணுக்கமாக எழுதி வைத்த மொழி. நான்கு மணிக்கு எழுந்து, உறங்கும் குழந்தையை விட்டுப் பொருள்வயின் பிரியும் தாயின் வழியை எழுத இம்மொழிக்குச் சொற்பஞ்சம் இல்லை. அவ்வழியை அறிந்த கவிஞர்களுக்குத்தான் பஞ்சம்.

இதற்கு இலக்கிய வட்டங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. இலக்கியக் கூட்டங்கள் பெரும்பாலும் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ, மாலை ஆறு மணிக்கு மேல் கூடுகின்றன. தலைமையுரை நீள்கிறது, வாழ்த்துரைகள் நீள்கின்றன. கவிதை வாசிப்பு எட்டரை மணிக்குத் தொடங்கும்போது, பின்வரிசையில் இருக்கும் பெண்ணொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து செல்கிறார். அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. நேரம் கழிந்தால் அவருக்கு வண்டி இல்லை. யார் கவிதை வாசிக்கிறார், யார் வாசிக்காமலே போகிறார் என்பதைத் தேர்வுக் குழு முடிவு செய்வதற்கு முன்பே பேருந்தின் கால அட்டவணை முடிவு செய்துவிடுகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கலாம். தொலைவிலிருந்து வருவோர் முதலில் வாசிக்கலாம். வாழ்த்துரைகள் இறுதிக்குச் செல்லலாம். ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ நடத்தலாம். அன்று மயிலாப்பூர்க் கவிஞர்கள் வாடகைக் கார் எடுக்காமல், காலை நேரப் பேருந்தில், நின்றுகொண்டே செல்வார்களாக. எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எந்தத் தெருவில் திரும்புவது என்று அவர்கள் கேட்க வேண்டியிருக்கும். நாள்தோறும் அவ்வழியே வந்து போகும் பெண்கள் அவர்களுக்கு வழி சொல்வார்கள். அந்த ஆற்றுப்படையை எழுதும் கவிஞர் இவ்வவையிலிருந்து எழுக.