வராமல் போனவர்கள்



இந்த மேடையில் பேச எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். மணி அடித்தால் உட்கார்ந்துவிடுகிறேன்.

கொரோனா என்றாலே, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் அலைந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரிக்கு வராமலே போனவர்களைப் பற்றி.

எனக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் தெருமுனையில் பூ கட்டும் அக்காவுக்கும் உண்டு. வியாதியில் நாங்கள் இருவரும் ஒரே ஜாதி. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. நான் டாக்டருக்கு வீடியோ கால் போட்டேன். இடுப்பில் லுங்கி, மேலே மட்டும் இஸ்திரி போட்ட சட்டை! சாயங்காலத்துக்குள் மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், நோட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிறவர். சென்னையில் பொதுமக்களுக்கு டவுன் பஸ் திரும்ப ஓடியது செப்டம்பர் 1-ஆம் தேதி. ஆட்டோவில் போகலாமென்றால், கோயில் அடைத்துக் கிடக்கும்போது பூ யார் வாங்குவார்கள்? இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கினார். பிறகு அதிலும் பாதி. காலில் ஒரு கொப்புளம் வந்தது. மஞ்சள் அரைத்துப் பூசினார். பஸ் ஓட ஆரம்பித்துப் போனபோது இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கொரோனா அவர் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அன்றாடம் சாயங்காலம் டி.வி.யில் வாசித்த கணக்கில் அந்த இரண்டு விரல் ஏது?

பஸ் மட்டுமா? பயமும் இருந்தது. நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாடி வீட்டுக்காரருக்கு அது ஒரு சங்கடம். ஒற்றை அறையில் ஐந்து பேராக வாடகைக்கு இருப்பவருக்கு அது 14 நாள் கூலி. தகரத்தைப் பிரித்ததும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரோ என்ற கவலை வேறு. அதனால் இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்து அடக்கினார்கள். இப்படி அடக்கிய இருமலில் காசநோயும் இருந்தது, ஐயா. இந்தியாவில் 2019-இல் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர். 2020-இல் சுமார் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு ஒரே வருஷத்தில் நோய் பறந்துவிட்டதா? கிருமி எங்கேயும் போகவில்லை. சளியைச் சோதிக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். அக்கா வீட்டுக்கும் வருகிறார்கள். அவர் விரலுக்குத்தான் ஒரு வருஷம் பிந்திவிட்டது.

மேடையில் இருக்கும் கவுன்சிலர் அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்கே மறுபடி பஸ் நின்றால், நம் வார்டில் யார் யாருக்கு எந்த மாத்திரை போக வேண்டும் என்று ஒரு நோட்டு இருக்கிறதா? இல்லையென்றால், இந்தக் கூட்டம் கலைவதற்குள் முதல் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன். அக்கா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.