அத்தோ கடையில ஆரம்பிக்கிற வரலாறு

பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ சாப்பிட்டிருப்பீங்க. என்னோட ஹிஸ்டரி வாக் அங்கதான் ஆரம்பிக்கும். "இது எந்த ஊர் சாப்பாடு?"ன்னு கேட்டா, பர்மான்னு உடனே பதில் வரும். "அப்போ கடைக்காரர் எப்படி இவ்வளவு நல்லா மெட்ராஸ் தமிழ் பேசுறார்?"னு கேட்டா அமைதி.

1962-ல பர்மாவுல நே வின்னோட ராணுவ ஆட்சி. 1964-ல கடைகளை அரசுடைமை ஆக்கினாங்க. அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. தலைமுறைகளா அங்க வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோட மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினாங்க. அவங்க பிழைப்புக்காக 1969-ல வந்ததுதான் பர்மா பஜார்.

இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. வியாசர்பாடியில ஒரு ஆயா சொன்னது இல்ல. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி நடந்த சோதனையில அவங்க அம்மாவோட தாலியைக் கழட்டச் சொன்னாங்களாம். "இதை எல்லாருக்கும் சொல்லு"ன்னாங்க. அப்புறம், "மெஷினை நிறுத்து கண்ணு." நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் அரை மணி நேரம் பேசினாங்க. சொன்னா கூட்டம் சேரும், டிக்கெட் விக்கும். ஆனா அது என் வாக்ல வராது.

இந்த வேலையில மாசச் சம்பளம் கிடையாது, முன்னாடியே சொல்லிடுறேன். வாக், ஸ்கூல் வொர்க்‌ஷாப், கொஞ்சம் மொழிபெயர்ப்பு, எல்லாம் சேர்ந்தாத்தான் வாடகை.

போன மாசம் அந்த ஆயாவோட பேத்தி வாக்குக்கு வந்திருந்தா. தாலி கதையைக் கேட்டதும், "வீட்ல இதைச் சொன்னதே இல்லையே! வேற என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டா.

"நீயே போய்க் கேளு"ன்னேன்.