கூட்டுக் காசும் பிள்ளைக் கணக்கும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சிக்கனத்தைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். சிக்கனத்தை நம் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர முடியாது. ஒரு மீனை இரண்டு வேளைக்கு ஆக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அப்படி மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது, அதற்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆம், கூலிதான். நாம் வெட்டுக்குப் போனால் நமக்குக் கூலி. நம் காசு வேலைக்குப் போனால் அதற்குக் கூலி. அதற்குத்தான் வட்டி என்று பெயர்.

நம் தோட்டத்தில் கூட்டு போடாத வீடு குறைவு. அதையே கணக்காக எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர், மாதம் 100 வெள்ளி, பத்து மாதம். முதல் மாதம் கூட்டுக்காரர் எடுப்பது வழக்கம். கணக்கு சுலபமாக இருக்க அதை விட்டுவிடுவோம். முதல் மாதமே ஒருவருக்கு அவசரம். 200 வெள்ளி தள்ளி 800 எடுக்கிறார். தள்ளிய காசு எல்லாருக்கும் பங்காவதால் அந்த மாதம் ஆளுக்கு 80 வெள்ளி கட்டினால் போதும். பிறகு யாரும் தள்ளி எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த 800இல் 80 அவர் காசு. பிறர் காசு 720. மீதி ஒன்பது மாதத்தில் அவர் கட்டுவது 900. ஆக வட்டி 180. "அது என்ன சார், 25 விழுக்காடுதானே?" என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். 720 வெள்ளியும் ஒன்பது மாதம் அவரிடம் இருக்கவில்லையே! மாதா மாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார். சரியாகப் போட்டுப் பார்த்தால் வட்டி மாதத்திற்கு நாலரை விழுக்காட்டுக்கு மேல். ஆண்டுக்கு ஐம்பதைத் தாண்டுகிறது. உரிமம் பெற்ற வட்டிக்காரர்கூட, ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம்.

சரி, கடைசியில் எடுக்கிறவருக்கு இலாபமா? முதல் மாதம் 80, பிறகு ஒன்பது மாதம் 100. மொத்தம் 980 கட்டி 1,000 எடுக்கிறார். இலாபம் 20 வெள்ளி. ஆனால் ஒன்பதாம் மாத முடிவில் அவர் 880 வெள்ளி கட்டி முடித்திருப்பார். கையில் ஒரு துண்டுச் சீட்டும் இராது. 20 வெள்ளிக்காக 880 வெள்ளியைப் பணயம் வைத்திருக்கிறார்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் கூட்டுக்காரர் இரவோடு இரவாகப் போய்விட்டார். கடைசியில் எடுக்கலாம் என்று பொறுத்திருந்தவர்கள் பெரும்பாலும் படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர். சீருடைக்கும் பஸ்ஸுக்கும் வைத்திருந்த காசு. போலீசுக்குப் போகவும் தயக்கம். ஏனென்றால் கூட்டைத் தொழிலாக நடத்துவதற்கு இந்நாட்டில் 1971 முதலே தடைச் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. நம் சொல் ஏறக்கூடாத இடத்தில் ஏறியிருக்கிறது!

இதைவிடப் பெரிய ஆபத்து கார் போட்டு வருகிறது. மாதம் 10 விழுக்காடு தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இங்கே இருக்கும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இந்தக் கணக்கைப் போடுவார்கள். 1,000 வெள்ளி, மாதம் 10 விழுக்காடு, வட்டிக்கு வட்டி. ஓராண்டில் 3,138 வெள்ளி. ஐந்து ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேல்! ஆயிரத்தை மூன்று இலட்சமாக்கும் வித்தை தெரிந்தவன் நம் லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏன் நிற்கிறான்? முதல் இரண்டு மாதம் காசு வருமே என்பீர்கள். வரும். பின்னால் சேர்ந்தவர் காசை எடுத்து முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுப்பான். ஆள் சேருவது நின்றதும் அவனைக் காணமாட்டீர்கள். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் இத்தகையவர்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகின்றன. பிள்ளைகளைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

பலர் சேர்ந்து காசு போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள்; சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பங்கு என்பது சொத்தில் உரிமை. ஏறினாலும் நமக்கு, இறங்கினாலும் நமக்கு. ஆனால் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. 1986இல் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் சொத்தைப் பேங்க் நெகாரா முடக்க வேண்டி வந்தது. அதனால்தான் எல்லாக் காசையும் ஒரே இடத்தில் போடாதீர்கள் என்கிறேன்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே சிலருக்கு 55 வயது நெருங்குகிறது. சேமநிதிப் பணம் கைக்கு வரும் என்று அவர்களைவிட வெளியாட்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஐயா, அம்மா, 55 ஆனதும் முழுவதையும் எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மீதிக்கு 100 வயது வரை இலாப ஈவு உண்டு. 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடு, 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனாலும் சாதாரணச் சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சட்டம் இருக்கிறது.

ஆறு விழுக்காடு என்றால் சின்னதாகத் தோன்றும். ஒரு சுலபக் கணக்கு சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் காசு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று ஏறக்குறையத் தெரியும். 6 விழுக்காட்டுக்கு 12 ஆண்டு. விலைவாசிக்கும் இதே கணக்குதான். ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் 24 ஆண்டில் அரிசி விலை இரு மடங்கு. மிலோ டின்னில் வைத்த 100 வெள்ளி அப்படியேதான் இருக்கும். அது வாங்கும் அரிசி பாதியாகிவிடும்.

யாராவது காகிதத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றால், "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். உண்மையானவன் நாளைக்கும் வருவான். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் நான்கு மணி வரை ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில் இருப்பேன். உங்கள் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கணக்கை அவனே போடட்டும், நான் திருத்தித் தருகிறேன்.