பனிச்சரிவு: காலடியில் காத்திருக்கும் ஆபத்து

பனிச்சரிவு என்றதும் பலர் மனத்தில் ஒரே காட்சிதான் தோன்றும். மலையுச்சியில் எங்கோ பனி பெயர்கிறது. கீழே போகிறவர் மீது வந்து விழுகிறது. அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் விதி! சினிமா கற்றுக்கொடுத்த பாடம் இது. உண்மை வேறு. பொழுதுபோக்குக்காகப் பனிமலைக்குப் போய்ச் சரிவில் சிக்குபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, அந்தச் சரிவைத் தொடக்கி வைத்தவர் அவரேதான். இல்லையென்றால் அவருடன் வந்தவர்.

அது எப்படி? மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி அன்று. நம்மூர் லாப்பிஸ் பலகாரம் போல அடுக்கடுக்காகப் படிந்தது. மேகமில்லாத குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற மெல்லிய படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் அவை மின்னுவது கொள்ளை அழகு. அடுத்த புயல் வந்து அவற்றின் மீது இரண்டு மூன்று அடி புதுப்பனியைக் கொட்டிவிட்டால் அந்த அழகு மறைந்துவிடும், ஆபத்து மறையாது. மேலே கனத்த பாளம், நடுவே ஒட்டாத அடுக்கு. தரையின் சாய்வு 30 பாகைக்கு மேல் இருந்தால் ஒரு மனிதரின் எடையே போதும். முறிவு நொடியில் பக்கவாட்டில் ஓடிப் பரவ, சரிவு முழுவதும் கழன்று ஓடும். சில வேளை காலடியில் 'வும்' என்ற ஓசையோ விரிசலோ முன்கூட்டியே எச்சரிக்கும். எப்போதும் எச்சரிக்கும் என்று சொல்வதற்கில்லை.

2012 பிப்ரவரி 19ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக்கு வெளியே உள்ள டன்னல் கிரீக் என்ற சரிவில் இறங்க 16 பேர் கிளம்பினார்கள். கற்றுக்குட்டிகள் அல்லர். தொழில்முறைச் சறுக்கு வீரர்களும் அந்த மலையைப் பல காலம் அறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். புதுப்பனிக்கு அடியில் அந்தப் படிக அடுக்கு புதைந்து கிடந்தது. அபாய அறிவிப்பும் வெளியாகியிருந்தது. சிலருக்கு உள்ளூரத் தயக்கம். இத்தனை பெரிய கூட்டமாகப் போகலாமா என்று. அதைப் பின்னால்தான் சொன்னார்கள், அப்போது வாய் திறக்கவில்லை. இவ்வளவு அனுபவசாலிகள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்ற கூச்சம்! பாளம் உடைந்தது. மூவர் மாண்டனர். அடித்துச் செல்லப்பட்ட ஒரு பெண், முதுகுப்பையில் இருந்த காற்றுப்பையை விரித்ததால் பிழைத்தார்.

அந்த அபாய அறிவிப்பு 1 முதல் 5 வரை எண்ணிடப்பட்ட ஓர் அளவுகோல். ஐந்துக்கு மூன்று என்றால் பரீட்சை மதிப்பெண் போல நடுத்தரம் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் கோளாறு. 5 என்றால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. 3 என்றால் வானம் தெளிந்திருக்கும், பனி புதிதாக இருக்கும், ஆசை இழுக்கும். சுவிட்சர்லாந்தில் அதிக உயிர்கள் போவது இந்த 3ஆம் நிலை நாள்களில்தான்.

புதைந்தவருக்கு அவகாசம் எவ்வளவு? 2024இல் வெளியான சுவிஸ் ஆய்வின்படி 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். நின்ற பனி சிமெண்டாக இறுகிவிடும். கை விரலைக்கூட அசைக்க முடியாது.

விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் மதராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதையுண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். ஆறாம் நாள் ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டார். உலகமே வியந்தது. கூடாரத்துக்குள் அகப்பட்டிருந்த காற்றே அவரைக் காத்தது என்றார்கள். அவரும் 11ஆம் தேதி டில்லி மருத்துவமனையில் உயிர் துறந்தார்.

சறுக்கப் போகிறவருக்கு அந்தக் கூடாரமும் கிடையாது. ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் ஓடிவிடும். இருப்பது கூட வந்தவர்கள்தாம். அவர்களிடம் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராகக் கடக்கிறார்கள். ஒருவர் இறங்கி முடிக்கும் வரை மற்றவர்கள் சாய்வில்லாத இடத்தில் நின்று, அவர் மீதிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.