கோயிலும் மருத்துவமனையும்



மனச்சோர்வு சோம்பலன்று, தெய்வக் குற்றமுமன்று, அது நோயேயாகும். உறக்கமும் பசியும் குன்றி, வயற்பணியில் நாட்டமின்றி, ஒருவர் இரண்டு வாரம் வாடினால் மருத்துவரை நாடவேண்டும்.

வழிபாடு வேண்டாமென்று நாம் கூறவில்லை. துயருற்ற மனத்திற்கு நம்பிக்கை ஊன்றுகோல். பஜனைக் கூட்டம் தனிமையைப் போக்கும். அதன்பொருட்டு மருந்தை விலக்குவதே தீங்கு.

பிரார்த்தனையை நாடி ஏர்வாடிக்கு அழைத்துவரப்பட்ட மனநோயாளர் 28 பேர், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடுதித் தீயில் மாண்டனர். சங்கிலியில் பிணைத்திருந்தமையால் தப்ப இயலவில்லை. பின்னர் அவ்வூர்த் தர்காவிலேயே துவாவுடன் மருத்துவமும் கிடைக்க ஏற்பாடாயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடை செய்துள்ளது.

14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை பெறலாம். வாடியவரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் நாமே, அரசு மருத்துவமனைக்கும் உடன் செல்வோமாக!